ஓட்டு ஊரில் இருக்கிறது

பட்டியலில் முதலில் கண்ணில் பட்டது சிவப்புக் கோடுகள்தான். கட்சியின் வார்டு அலுவலகம் மயூர் விஹாரில் ஒரு ஹார்டுவேர் கடைக்கு மேலே இருந்த ஒற்றை அறை. ஏறும் படிக்கட்டின் சுவரில் உறுப்பினர் பட்டியலைப் பக்கம் பக்கமாக ஒட்டியிருந்தார்கள். எல்லாம் இந்தியில். நான் டெல்லிக்கு வந்து ஐந்து வருடம் ஆகிறது. இந்தி சரளமாகப் பேசுவேன். வாசிப்பது மட்டும் எழுத்துக் கூட்டித்தான். விரலை வைத்து மெதுவாகத் தேடி, நான் சேர்த்துவிட்ட பெயர்களை ஒவ்வொன்றாகக் கண்டுபிடித்தேன். அநேகமாக எல்லாவற்றின் மேலும் சிவப்புக் கோடு இருந்தது. சரிபார்த்து முடித்த பெயர்களுக்குக் கோடு போட்டிருக்கிறார்கள் என்று நினைத்தேன். நம் வேலை எவ்வளவு சுத்தம் என்று ஒரு நிமிடம் பெருமைகூட வந்தது.

உள்ளே மேசையில் இருந்த கட்சிக்காரர் தலையை நிமிர்த்தாமல் சொன்னார். "லால் வாலே சப் கட் கயே, பையா." சிவப்பு போட்டதெல்லாம் வெட்டுப்பட்டவை.

என்னையும் சேர்த்து ஐம்பத்து நான்கு பேரைக் கட்சியில் சேர்த்திருந்தேன். எட்டுப் பேர் மிஞ்சியிருந்தார்கள். வெட்டுப்பட்ட நாற்பத்தாறில் ஒன்று என் பெயர்.

அந்த வருடம் முனிசிபல் தேர்தலுக்கு முன்னால் கட்சி ஒரு புது முறையை அறிவித்திருந்தது. வார்டில் யார் நிற்பது என்பதை மேலே இருப்பவர்கள் முடிவு செய்ய மாட்டார்கள். அந்தந்த வார்டின் உறுப்பினர்களே ஒரு ஞாயிற்றுக்கிழமை ஓட்டுச் சீட்டுப் போட்டுத் தேர்ந்தெடுப்பார்கள். யாருக்குச் சீட்டு அதிகமோ அவருக்குத்தான் கட்சியின் டிக்கெட். எங்கள் வார்டில் இரண்டு பேர் மனுக் கொடுத்தார்கள். ஒருவர் பிராப்பர்ட்டி டீலர். பாதி வார்டுக்கு வீடு பிடித்துக் கொடுத்தவர், மீதிப் பாதியைக் காலி செய்ய வைத்தவர். இன்னொருவர் அக்கா.

அக்காவுக்கு நாகர்கோவில் பக்கம். இருபது வருடத்துக்கு மேல் டெல்லி ஆஸ்பத்திரிகளில் நர்ஸ். கூட்டுறவுக் குடியிருப்பு ஒன்றில் தரைத்தள வீடு. இந்திக்காரர்களுக்கு அவர் 'சிஸ்டர்ஜி', எங்களுக்கு அக்கா. ஞாயிறு காலை சர்ச்சுக்குப் போவதற்கு முன் குடியிருப்பின் கேட்டருகே ஒரு மடக்கு மேசை போட்டு உட்காருவார். யார் வந்தாலும் பிரஷர் பார்த்துச் சொல்வார். டெல்லிக்கு வந்த புதிதில் மெட்ரோவில் அடிக்கடி தலை சுற்றியதால் நானும் ஒரு ஞாயிறு அந்த வரிசையில் நின்றேன். அவர் கொடுத்த நோட்டில் பெயரும் வயதும் எழுதினேன். கையில் பட்டையைச் சுற்றி, பம்ப் அடித்து, நோட்டைப் பார்த்தார்.

"உனக்கு பிரஷரும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல. நேரத்துக்குத் தின்னு. கையெழுத்து அச்சடிச்ச மாதிரி இருக்கே. ஒரு மனு எழுதித் தருவியா மக்கா?"

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். ஆறாம் வகுப்பிலிருந்தே எங்கள் தெருவில் எந்தப் படிவம் வந்தாலும் என்னிடம்தான் வரும். முதியோர் பென்ஷன், பேங்க் கணக்கு, ரேஷன் கார்டில் பெயர் சேர்ப்பது, பெயர் நீக்குவது. தப்பில்லாமல் நிரப்புவான் என்று பெயர் வாங்கியிருந்தேன். இப்போது நொய்டாவில் ஒரு கம்பெனியில் பார்க்கும் வேலையும் அதுதான். யாரோ நிரப்பிய இன்ஷூரன்ஸ் படிவங்களில் விட்டுப்போன கட்டங்களைக் கண்டுபிடிப்பது. இதைச் சொல்லக் காரணம் இருக்கிறது. நான் செய்த தப்பு வேறெதிலும் அல்ல, ஒரு படிவத்தில்.

அன்று எழுதிய மனு முனிசிபல் டிஸ்பென்சரியைப் பற்றியது. மார்க்கெட்டுக்குப் பின்னால் இருந்த அந்தக் கட்டடம் இரண்டு வருடமாகப் பூட்டிக் கிடந்தது. அக்கா பேசப் பேச நான் எழுதினேன். ஏழு மனு எழுதினோம். எட்டாவது தடவை அக்கா மனுவோடு போகவில்லை. பிரஷர் பார்க்கும் மேசையையே கொண்டுபோய் டிஸ்பென்சரி வாசலில் போட்டு மூன்று ஞாயிறு உட்கார்ந்தார். அதன் பிறகு வாரத்தில் மூன்று நாள் டாக்டர் வர ஆரம்பித்தார். மீதி மூன்று நாளைக்கும் கேட்டபோது, கவுன்சிலர் எழுதிக் கொடுத்தால்தான் முடியும் என்றார்கள். கவுன்சிலரைப் பார்க்கவே முடியவில்லை.

"அப்ப நானே கவுன்சிலரா ஆயிட்டா யாரையும் பாக்க வேண்டாம்லா," என்றார் அக்கா. முதல் தடவை சிரித்துக்கொண்டே சொன்னார். இரண்டாம் தடவை சிரிக்கவில்லை.

அக்காவின் வீட்டுக்காரர் அரசு நிறுவனத்தில் அதிகாரி. அரசியலில் தலையிடக்கூடாது என்பது அவருக்கு விதி. நாங்கள் முன்னறையில் பேச ஆரம்பித்தால் டீ டம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விடுவார். "நான் ஒண்ணும் கேக்கல," என்று உள்ளேயிருந்து குரல் வரும். கேட்டது என்ன என்பது அடுத்த நாள் அவர் சொல்லும் யோசனையில் தெரியும்.

கட்சியில் தமிழர்களைச் சேர்க்கும் பொறுப்பை அக்கா என்னிடம் விட்டார். "நீ பாத்துக்கோ மக்கா, நீ படிச்சவன்." மூன்று வாரம் நான் எங்கேயும் நிதானமாக உட்கார்ந்ததாக நினைவில்லை. காலையில் மெட்ரோவில் நின்றபடி யார் யாரைப் பார்க்க வேண்டும் என்று விரல் விட்டு எண்ணுவேன். மத்தியானம் சாப்பாட்டு டப்பாவைத் திறந்து வைத்துவிட்டுப் போன் பேசுவேன். பேசி முடிக்கும்போது சோறு வரட்டியாகியிருக்கும். சர்ச் முடிந்து வருகிறவர்களை வாசலில் பிடித்தேன். பிள்ளையார் கோயிலில் பிரசாத வரிசையில் பிடித்தேன். சனிக்கிழமைச் சந்தையில் முருங்கைக்காய் விற்கும் பையாவிடம் தமிழ்க் குடும்பங்கள் எந்தப் பிளாக்கில் அதிகம் என்று விசாரித்தேன். அவனுக்குத்தான் சரியாகத் தெரிந்திருந்தது.

ரிட்டயர்டு செக்ஷன் ஆபீசர் ஒருவர் வீட்டில் நடந்தது இன்னும் நினைவிருக்கிறது. கும்பகோணத்துக்காரர். படிவத்தைக் கையில் வாங்காமலே தள்ளி வைத்தார்.

"பார்ட்டி மெம்பரா? முப்பத்தஞ்சு வருஷம் கண்டக்ட் ரூல்ஸ்ல இருந்தவன்ப்பா நான். கை நடுங்கறது."

"ரிட்டயர் ஆயிட்டீங்களே சார். இப்ப ஒண்ணும் இல்லை."

"உடம்புல ஊறிப் போச்சு. அவ பேரை எழுதிக்கோ. அவளுக்கு எந்த ரூலும் கிடையாது."

சமையலறையிலிருந்து மாமி எட்டிப் பார்த்தார். "எழுதிக்கோப்பா. இந்த வீட்டுல ஜெயிச்சுக் காமிச்சாச்சு, வார்டெல்லாம் ஜுஜுபி."

படிவத்தில் வாக்காளர் அட்டை எண் என்று ஒரு கட்டம் இருந்தது. எல்லோரும் அட்டையை எடுத்து வந்து கொடுத்தார்கள். நான் எழுத்து எழுத்தாகச் சரிபார்த்து எழுதினேன். ஓர் எண்கூடத் தப்பில்லை. அட்டையின் மேல் விருதுநகர் என்றும் ராதாபுரம் என்றும் பழனி என்றும் இருந்ததைப் பார்த்துக்கொண்டேதான் எழுதினேன். அது எனக்கு வித்தியாசமாகவே படவில்லை. அதுதான் விஷயம். டெல்லியில் வேலை, டெல்லியில் வாடகை, பிள்ளைகள் டெல்லியில் பிறந்து இந்தியில் சண்டை போட்டுக்கொள்கின்றன. ஆனால் ஓட்டு ஊரில்தான் இருக்கும். எங்களில் யாரைக் கேட்டாலும் அப்படித்தான். படிவத்தின் பின்பக்கம், கடைசி வரியில், இந்த வார்டின் வாக்காளர் பட்டியலில் பெயர் உள்ளவர்களுக்கு மட்டுமே சீட்டு என்று இந்தியில் அச்சிட்டிருந்தது. பின்பக்கத்தை நான் திருப்பிப் பார்த்தேன். வாசிக்கவில்லை.

சிவப்புக் கோடுகளைப் பார்த்த அன்று வேலைக்கு மூன்று மணி நேரம் தாமதமாகப் போனேன். அதற்கு முன் அக்காவிடம் போய்ச் சொன்னேன். ஒரு மாதம் லீவு போட்டு வீடு வீடாகப் போய்க்கொண்டிருந்தவர், செருப்பு மாட்டிக்கொண்டு கிளம்பும் நேரம்.

"எத்தன பேரு?"

"நாப்பத்தாறு."

செருப்பைக் கழற்றாமல் நாற்காலியில் உட்கார்ந்தார். மின்விசிறியைப் போட்டார், நவம்பர் மாதம், புகைமூட்டத்தில் வெளியே வெயிலே இல்லை. கொஞ்ச நேரம் கழித்து அதை அணைத்தார்.

"பொறத்தால எழுதியிருந்தத நீ படிச்சிருக்கணும் மக்கா," என்றார். திட்டவில்லை. ஒரு நோயாளியிடம் சொல்வதுபோல் சொன்னார். அது இன்னும் என்னோடு இருக்கிறது.

உள்ளறையிலிருந்து வீட்டுக்காரரின் குரல் வந்தது. "நான் ஒண்ணும் சொல்லல. ஆனா பேர மாத்தறதுக்கு விண்ணப்பம் போட்டா ரசீது வரும்லா. ரசீத வச்சுக் கேட்டுப் பாருங்க."

கேட்டோம். கட்சிக்காரர் யார் யாருக்கோ போன் போட்டார். கடைசியில், வாக்காளர் பெயரை இந்த வார்டுக்கு மாற்ற விண்ணப்பித்த ரசீதை வெள்ளிக்கிழமை மாலைக்குள் காட்டினால் சேர்த்துக்கொள்வதாக ஒப்புக்கொண்டார். இந்தச் சலுகை டீலருக்கும் தேவைப்பட்டது என்பது பிறகு தெரிந்தது. அவர் சேர்த்த ஆட்களில் பலரின் ஓட்டும் பிகாரில் இருந்தது.

அன்று திங்கள். அன்றையும் சேர்த்துக் கையில் ஐந்து நாள். விண்ணப்பம் போடுவது பெரிய வேலை இல்லை. போனில் பத்து நிமிடம். வாடகைப் பத்திரத்தையோ கேஸ் பில்லையோ படம் எடுத்துப் போட்டால் போதும். ஆனால் கட்சியில் சேரச் சொன்னபோது சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டவர்கள், ஊர்ப் பட்டியலிலிருந்து பெயரை எடுக்க வேண்டும் என்றதும் அட்டையைத் திரும்ப வாங்கிப் பர்சுக்குள் வைத்துக்கொண்டார்கள். ஒருவருக்கு ஊரில் பாகம் பிரிக்காத நிலம். பெயர் போய்விட்டால் பங்காளிகள் பேசுவார்களாம். இன்னொருவருக்கு ஓட்டுப் போடப் போவதுதான் வருடத்தில் கிடைக்கும் ஒரே லீவு. பாதுகாப்புப் படையிலிருந்து ஓய்வு பெற்ற ஒருவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "இது நமக்கு வாடகை ஊருப்பா," என்றார். அவர் சொந்த பிளாட்டில் உட்கார்ந்து அதைச் சொன்னார்.

மூன்றாவது மாடியில் ஒரு வீட்டில் ஐந்து நர்ஸுகள் சேர்ந்து குடியிருந்தார்கள். அக்காவின் பலமே அவர்கள்தான். ஐந்து பேரில் ஒருத்தி சொன்னால் ஆஸ்பத்திரியிலும் பக்கத்து பிளாக்குகளிலும் இருக்கும் இருபது பேர் கேட்பார்கள். அந்த ஒருத்தி திண்டுக்கல் பக்கத்துக்காரி, எல்லோருக்கும் மூத்தவள். மத்தியான ஷிப்டுக்குக் கிளம்ப இரண்டு பேர் தலை சீவிக்கொண்டிருந்தார்கள். மீன் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. நான் விஷயத்தைச் சொல்லி முடித்தேன்.

"எங்கப்பா பஞ்சாயத்து எலெக்ஷன்ல நிக்கப் போறாரு," என்றாள் ஒருத்தி. "ஒரு ஓட்டுக் கொறஞ்சாலும் என்னையக் கொன்னே போட்டுருவாரு. என்னைய விட்ருங்க."

"எனக்குக் கல்யாணம் பேசிட்டிருக்காங்க," என்றாள் இன்னொருத்தி. "டெல்லி அட்ரஸுக்கு மாத்துனா பொண்ணு திரும்பி வராதுன்னு மாப்ள வீட்டுல நெனைப்பாங்க."

"நீ எங்க திரும்பிப் போகப் போற," என்று குழம்பைக் கிளறியவள் சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள்.

மூத்தவள் சிரிக்கவில்லை. "தம்பி, உங்க கார்டு எங்க இருக்கு?"

"ஊர்லதான்," என்றேன். "நான் இனிமேத்தான் மாத்தணும்."

"இனிமேத்தானா. எங்க பேரையெல்லாம் வேரோட புடுங்கி இங்க நட வந்துட்டீங்க. உங்க பேரு மட்டும் ஊர்ல சாய்வு நாற்காலி போட்டு உக்காந்திருக்காக்கும்."

தலை சீவிக்கொண்டிருந்தவள் சீப்பைக் கடித்துக்கொண்டு சிரித்தாள். நான் போனை எடுத்துக்கொண்டு, ஒரு நிமிடம் என்று சொல்லிவிட்டுக் கீழே இறங்கினேன்.

சொல்லிவிட வேண்டும். நான் மறந்துபோய் மாற்றாமல் இருக்கவில்லை. மூன்று வருடம் முன்பே அக்கா கேட்டிருந்தார், நான் தள்ளிப் போட்டேன். காரணம் அப்பா.

எங்கள் ஊர் திருவண்ணாமலை மாவட்டத்தில். அப்பா கான்கிரீட் கலவை போடும் வேலை. எழுதப் படிக்கத் தெரியாது. எனக்குப் பதினெட்டு வயது முடிந்து முதன்முதலில் என் பெயர் வந்த பட்டியலைப் பள்ளிக்கூடச் சுவரில் ஒட்டியபோது, நான்தான் அவருக்கு வாசித்துக் காட்டினேன். அவர் பெயர், அம்மா பெயர், அதற்கடுத்து என் பெயர். எத்தனாவது கட்டம் என்று கேட்டார். மேலேயிருந்து ஒன்பதாவது என்றேன். அவரே விரல் வைத்து எண்ணிப் பார்த்தார். அதற்குப் பிறகு ஒவ்வொரு தடவை பட்டியல் ஒட்டும்போதும் யாரையும் கேட்காமல் போய், எண்ணி, என் கட்டத்தைத் தொட்டுவிட்டு வருவார். நடுவில் யாராவது சேர்ந்தோ செத்தோ வரிசை மாறியிருந்தால் அன்று இரவுக்குள் எனக்குப் போன் வரும். உன் பேரு எங்கடா போச்சு என்பார். பட்டியலைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லி, இப்போது பத்தாவது என்று சொல்வேன்.

கீழே பார்க்கின் கம்பி வேலி ஓரமாக நின்று கூப்பிட்டேன். மெஷின் சத்தம் கேட்டது.

"இன்னா நைனா, இந்த நேரத்துல."

சொன்னேன். சுருக்கமாகச் சொல்ல நினைத்து நீளமாகச் சொன்னேன். டிஸ்பென்சரி, அக்கா, சீட்டு, என் தப்பு. மெஷின் சத்தத்திலிருந்து அவர் தள்ளிப் போவது தெரிந்தது.

"ரேஷன்ல அடிச்சிடுவானா?"

"ரேஷனுக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்லப்பா."

"ஊட்டுல?"

"வீட்டுக்கும் இல்ல. பேரு மட்டும் இங்க வரும். அங்க எடுத்துடுவாங்க."

யாரையோ கூப்பிட்டுக் கலவையைப் பார்த்துக்கொள்ளச் சொன்னார்.

"செத்தவங்க பேருலதான் நைனா கோடு போடுவாங்க," என்றார்.

நான் என்ன பதில் சொன்னேன் என்று நினைவில்லை. ஏதோ விதிமுறையை விளக்கினேன் என்று நினைக்கிறேன். நன்றாகப் படித்தவன் பேசுவதுபோல் பேசியிருப்பேன். அவர் முழுவதும் கேட்டார்.

"அந்தம்மாவுக்கு நீ வாக்குக் குடுத்துட்டியா?"

"குடுத்துட்டேன்."

"கலவை காயுது," என்று சொல்லிப் போனை வைத்தார்.

சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பார்க்கில் ஒரு ஆள் வெயிலே இல்லாத இடத்தில் வெயில் காய உட்கார்ந்திருந்தான். பிறகு மூன்று மாடி ஏறினேன். நர்ஸுகளின் கூடத்தில் உட்கார்ந்து, மூத்தவளின் முன்னாலேயே விண்ணப்பத்தைத் திறந்தேன். எத்தனையோ பேருக்கு எத்தனையோ படிவம் நிரப்பிய கை, என் பெயரையும் அப்பா பெயரையும் அடிப்பதற்குள் இரண்டு தடவை தப்புச் செய்தது. முடிந்ததும் ரசீது எண் வந்தது. போனைத் திருப்பிக் காட்டினேன்.

அவள் பார்த்தாள். துப்பட்டாவில் கையைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய்த் தன் அட்டையை எடுத்து வந்தாள்.

"எனக்குப் போடுங்க. போட்டோ நல்லாருக்காது, அத யாருக்கும் காட்டக்கூடாது."

வெள்ளிக்கிழமை மாலை ஐந்தரைக்கு இருபத்தேழு ரசீதுகளோடு அந்தப் படிக்கட்டில் ஏறினேன். ஓடிப் போனேன் என்றுதான் சொல்ல வேண்டும்; அலுவலகத்தில் வயிற்றுவலி என்று சொல்லியிருந்தேன். கட்சிக்காரர் ஒவ்வொரு ரசீதையும் பார்த்துச் சிவப்புக் கோட்டின் பக்கத்தில் பச்சையில் ஒரு டிக் போட்டார். பத்தொன்பது பேர் சிவப்பிலேயே நின்றார்கள்.

சீட்டுப் போடும் ஞாயிறு. மார்க்கெட் அருகே கல்யாணங்களுக்கு வாடகைக்கு விடும் பாராத் கர்தான் இடம். முந்தைய நாள் நடந்த யாரோ ஒருவரின் கல்யாணச் சாமந்தி இன்னும் தூண்களில் தொங்கியது. டீலர் ஏழெட்டு இ-ரிக்ஷாவை விட்டிருந்தார். அவர் ஆட்கள் பிரெட் பக்கோடா தின்றபடி இறங்கினார்கள். எங்கள் ஆட்கள் நடந்து வந்தார்கள். மாமி பட்டுப் புடவையில் வந்தார். செக்ஷன் ஆபீசர் கேட்டுக்கு வெளியே, கண்டக்ட் ரூல்ஸ் முடிகிற இடத்தில், குடையோடு நின்றார். நர்ஸுகளில் இரண்டு பேர் ஷிப்டு உடையோடே வந்து, சீட்டைப் போட்டுவிட்டு ஓடினார்கள்.

நான் வாசலுக்கும் கூடத்துக்கும் நடந்துகொண்டே இருந்தேன். யார் வந்தார்கள், யார் வரவில்லை என்று கையிலிருந்த பட்டியலில் குறித்தேன். குறித்ததையே மறுபடி எண்ணினேன்.

"உக்காருலே," என்றார் அக்கா. "நீ நடக்குறதப் பாத்தா எனக்கு பிரஷர் ஏறுது."

நான்கு மணிக்கு எண்ணினார்கள். அக்கா ஆறு சீட்டில் தோற்றார்.

ஆறு. பத்தொன்பது பேர் சிவப்பில் நின்றார்கள். இந்தக் கழித்தலை நான் எத்தனை தடவை போட்டுப் பார்த்திருப்பேன் என்று எனக்கே தெரியாது. மெட்ரோவில், பல் தேய்க்கும்போது, அடுத்தவர் படிவத்தில் விடுபட்ட கட்டத்துக்கு வட்டம் போடும்போது. பின்பக்கத்தை மூன்று வாரம் முன்பே வாசித்திருந்தால் ஐந்து நாளுக்குப் பதில் இருபத்தாறு நாள் கிடைத்திருக்கும்.

அக்கா டீலருக்குக் கை கொடுத்தார். வெளியே வந்து எங்கள் எல்லோருக்கும் வண்டிக்காரரிடம் டீ வாங்கித் தந்தார். ஐந்து நர்ஸுகளில் அப்பா தேர்தலில் நிற்கிறார் என்று சொன்னவள் தூரத்தில் நின்றாள். அக்கா அவளையும் கூப்பிட்டு டம்ளரைக் கையில் கொடுத்தார். என் பக்கம் திரும்பி, "சவத்த விடு மக்கா. நாளைக்கு டியூட்டிக்குப் போணும்," என்றார். ஆனால் தன் டீயைக் குடிக்காமலே டம்ளரை வண்டியில் திரும்ப வைத்தார். நான் அதைப் பார்த்ததை அவரும் பார்த்தார்.

ஒரு மாதம் கழித்து முனிசிபல் தேர்தல் நடந்தது. டீலர் கைகூப்பியபடி எங்கள் மாடி வரை ஏறி வந்தார். அன்று என் பெயர் ஊரிலும் இல்லை, இங்கேயும் இன்னும் வரவில்லை. அவரிடம் அதைச் சொன்னேன். பாவம், அவர் கூப்பிய கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் அடுத்த கதவைத் தட்டினார். தேர்தலில் அவரும் தோற்று வேறு கட்சிக்காரர் வந்தார். டிஸ்பென்சரிக்கு டாக்டர் இப்போதும் மூன்று நாள்தான் வருகிறார். எட்டாவது மனு போயிருக்கிறது.

ஊரில் என் பெயரை எடுத்ததை அம்மாதான் சொன்னார். "சொவுத்துல ஒட்டிக்கீறாங்க. உன் பேருக்கு மேல ஒரு கோடு. உங்கப்பா எண்ணிப் பாத்துட்டு வந்தாரு. சாப்புடல." அப்பா போனுக்கு வரவில்லை. அதற்கடுத்த வாரங்களிலும் அம்மா பேசிவிட்டு வைத்துவிடுவார். பின்னால் டிவி சத்தத்தில் அவர் இருமுவது கேட்கும்.

அடுத்த வருடத் தொடக்கத்தில் புதுப் பட்டியல் வந்தது. அக்கா அதற்காகவே காத்திருந்தார். "இந்தத் தடவ ஒருத்தன் பேருலயும் செவப்பு விழக்கூடாது. அந்த இருவத்தேழும் வந்திருக்கான்னு போய்ப் பாரு. மிச்சப் பத்தொம்பதையும் அடுத்த தடவைக்குள்ள கொண்டு வா," என்றார். அடுத்த தடவை என்பது ஐந்து வருடம் கழித்து. அவருக்கு அது அடுத்த மாதம்போல்.

வாக்குச்சாவடியாக இருக்கும் பள்ளியின் சுவரில் பட்டியல் ஒட்டியிருந்தது. விரலை வைத்து எழுத்துக் கூட்டி வாசித்தேன். இருபத்தேழில் இருபத்தாறு கிடைத்தன. திண்டுக்கல் நர்ஸின் பெயரைத் தப்பாக எழுதியிருந்தார்கள், ஆனால் இருந்தாள். இருபத்தேழாவதாக என் பெயரைத் தேடினேன். கிடைத்தது. அடுத்த வரியில், தந்தையின் பெயர் என்ற இடத்தில் அப்பா பெயர். இந்தி எழுத்தில் அவர் பெயரை அன்றுதான் முதல் தடவை பார்த்தேன். இரண்டு தடவை கூட்டிப் பார்த்து உறுதி செய்துகொண்டேன்.

பின்னால் கொஞ்சம் நகர்ந்து, முழுப் பக்கமும் தெரிகிறபடி படம் எடுத்து அம்மா போனுக்கு அனுப்பினேன். நீலமாக இரண்டு டிக் விழுந்தது. பத்து நிமிடம் ஒன்றும் வரவில்லை. பள்ளி வாசலில் முன்னும் பின்னும் நடந்தேன். காவலாளி இரண்டு தடவை என்ன வேண்டும் என்று கேட்டார். பிறகு போன் அடித்தது.

"இது இன்னா எழுத்து?" என்றார் அப்பா.

"இந்திப்பா."

"எனுக்கு எதுவா இருந்தா இன்னா. எத்தினியாவது?"

"இடப்பக்கம், மேலேருந்து ஆறாவது கட்டம். அடியில உங்க பேரும் இருக்கு."

"என் பேரா? எனுக்கு எதுக்கு அங்க பேரு?"

"என் அப்பான்னு."

அவர் எண்ணுவது கேட்டது. சத்தம் வராமல் எண்ணத்தான் பார்த்தார். மூச்சு மட்டும் ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு தடவை நின்று வந்தது. ஆறில் நின்றார்.

"இதுக்கு மேல கோடு ஒண்ணும் இல்லியே?"

"இல்லப்பா."

"அடுத்த வாட்டி ஒட்டும்போதும் படம் எடுத்து அனுப்பு," என்றார். "எடம் மாறினா சொல்லு."